மேடையைத் துறந்தார்; சாதகத்தைத் துறக்கவில்லை

இசை பயிலத் தொடங்குவது எளிது. பயின்றுகொண்டே இருப்பதுதான் அரிது. நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் உறையிட்ட வீணைகள் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. எத்தனையோ வயலின்கள் பெட்டிக்குள் படுத்துறங்குகின்றன. அவற்றை மீட்டிய கைகள் இன்று வேறு வேலைகளைச் செய்கின்றன. காரணம் கேட்டால், தேர்வு வந்தது, வேலை வந்தது, திருமணம் வந்தது, நேரம் போயிற்று என்பார்கள். இவை யாவும் உண்மைக் காரணங்களே. ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. இதனால் என்ன பயன் என்பதே அக்கேள்வி. அதற்கு விடை கிடைக்காத நாளில்தான் வாத்தியம் உறைக்குள் போகிறது.

நான் வரலாறு பயிலும் மாணவன். மாலை வேளைகளில் வயலின் பயில்பவன். ஏழாண்டுகள் ஆயின. கச்சேரி மேடை எனக்குக் கிட்டும் என்னும் உறுதி இல்லை. கிட்டினாலும் அது சோறு போடும் என்னும் உறுதி அதனினும் இல்லை. விடியற்காலையில் எழுந்து வர்ணத்தை மூன்று காலத்தில் வாசிக்கும்போது மேற்சொன்ன கேள்வி பல நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுண்டு. என்னோடு பயிலத் தொடங்கிய நால்வரில் இருவர் அதற்கு விடை காணாமல் நின்றுவிட்டனர்.

நம் நாட்டு இசைப் பெரியோரிடம் இக்கேள்விக்கு விடை தேடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். தேடினேன். ஆனால் அவர்களையெல்லாம் நாம் தெய்வங்களாக்கிப் பூசையறையில் வைத்துவிட்டோம். தெய்வத்திடம் போய், உனக்குச் சலிப்பு வந்ததுண்டா என்று கேட்க முடியுமா? ஆகவே, தமக்கு அச்சமும் சலிப்பும் உண்டு என்பதை ஒளிக்காமல் சொன்ன ஒரு மனிதரை நாடினேன். அவர் வாசித்தது செல்லோ. வயலினின் மூத்த உடன்பிறப்பு என்று அதனைச் சொல்லலாம். நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, நான்கு தந்திகளின்மேல் வில்லை இழுத்து வாசிப்பது. மனிதக் குரலை ஒத்த கனத்த நாதமுடையது. அதனை வாசித்துப் பெரும்புகழ் பெற்ற பாப்லோ கசால்சின் வாழ்க்கையை என் உடன்பயிலும் நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுரைக்குடுக்கை தந்த நாதம்

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கே, மத்தியதரைக் கடலையொட்டி அமைந்தது கட்டலோனியா. அதற்கெனத் தனி மொழியும் தனி மரபும் உண்டு. அங்கே எல் வெண்ட்ரெல் என்னும் சிற்றூரில் 1876ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கசால்ஸ் பிறந்தார். பாப்லோ என்பது ஸ்பானிய வழக்கு. தாய்மொழியில் அவர் பெயர் பாவ். தந்தை கார்லஸ் ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துப் பாடகர் குழுவையும் நடத்தி வந்தவர். தாய் பிலார் கடல் கடந்த போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்.

தந்தையே முதல் குரு. பேசக் கற்ற வயதிலேயே சிறுவன் பாடக் கற்றான். பியானோ, வயலின், ஆர்கன் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகக் கற்றான். ஒருநாள் நாடோடிக் கலைஞர்கள் சிலர் ஊருக்கு வந்தனர். அவர்களுள் ஒருவர் கழியொன்றில் தந்தி கட்டி, வில்லால் இழுத்து வாசித்தார். சிறுவனுக்கு அதன்மேல் தீராத ஆசை. மகனின் ஆசையைக் கண்ட தந்தை, காய்ந்த சுரைக்குடுக்கையை ஒலிப்பெட்டியாக வைத்து, ஒரு தந்தியைக் கட்டி, விளையாட்டு வாத்தியம் ஒன்றைச் செய்து கொடுத்தார். நம் வீணையின் ஒரு முனையிலும் சுரைக்குடுக்கை இருப்பதை அறிந்த நமக்கு இச்செய்தி வியப்பளிக்காது. உலகின் பெரிய செல்லோக் கலைஞரின் கை முதலில் பழகியது அக்குடுக்கையில்தான்.

பதினொன்றாம் வயதில் மெய்யான செல்லோவின் நாதத்தை முதன்முறையாகக் கேட்டான். அந்தக் கணமே தன் வாத்தியம் இதுவென்று முடிவு செய்துவிட்டான். ஆனால் வீட்டில் வறுமை. இசை சோறு போடாது என்பதைத் தம் வாழ்விலேயே கண்டிருந்த தந்தை, மகனைத் தச்சு வேலை பழக அனுப்ப எண்ணினார். இந்த இடத்தைப் படித்தபோது, கட்டலோனியா நமக்கு அப்படியொன்றும் தொலைவில் இல்லை என்று தோன்றியது. மாணவ நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் வீட்டில் இதே பேச்சைக் கேட்டிருக்கிறோம்! தாய் பிலார் மட்டும் பிடிவாதமாக நின்றார். 1888ஆம் ஆண்டில் மகனை அழைத்துக்கொண்டு பார்சலோனா நகருக்குப் போய், நகராட்சி இசைப் பள்ளியில் சேர்த்தார்.

அக்காலத்தில் செல்லோ பயில்வோர் வலக்கை முழங்கையை விலாவோடு ஒட்டி வைக்க வேண்டும். அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு, அது விழாமல் வில் போடப் பழக்குவார்கள். கசால்ஸ் இதனை ஏற்கவில்லை. கையை விடுதலை செய்தால்தான் நாதமும் விடுதலை பெறும் என்று கண்டார். இடக்கையிலும், ஒவ்வொரு சுரத்துக்கும் கையையே நகர்த்தாமல் விரல்களை எட்டிப் போடும் முறையை வளர்த்தார். பள்ளியில் முதலில் எதிர்ப்பிருந்தது. பின்னாளில் செல்லோ வாசிக்கும் உலகம் முழுவதும் அவர் வழியைத் தழுவிக்கொண்டது.

பழைய கடையில் கிடைத்த புதையல்

படிக்கும்போதே பிழைப்புக்காக அவர் ஒரு காப்பிக் கடையில் வாசித்தார். மக்கள் பேசிக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருப்பார்கள். மூலையில் ஒரு சிறு குழு இலேசான மெட்டுகளை வாசித்துக்கொண்டிருக்கும். அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. கடைக்காரரை இசைய வைத்து, வாரத்தில் ஓரிரவை உயர்ந்த இசைக்கென ஒதுக்கச் செய்தார். அதைக் கேட்கவே கூட்டம் வந்தது.

1890ஆம் ஆண்டு, அவருக்கு வயது 13. தந்தையும் மகனும் துறைமுகத்தின் அருகே பழைய இசை நூல்கள் விற்கும் கடையொன்றில் நுழைந்தனர். காப்பிக் கடையில் வாசிக்கப் புதிய உருப்படிகள் வேண்டும், அவ்வளவே நோக்கம். அங்கே தூசி படிந்த ஏடுகளின் நடுவே ஒரு தொகுப்பு கையில் பட்டது. ஜெர்மனியின் இசைமேதை செபாஸ்டியன் பாக், துணை வாத்தியமின்றித் தனிச் செல்லோவுக்கென்றே அமைத்த ஆறு தொகுதிகள் அவை. 1720ஆம் ஆண்டையொட்டி இயற்றப்பட்டவை. அந்நாளில் அவற்றை வெறும் விரற்பயிற்சி என்றே பலரும் கருதினர். முழுமையாக அரங்கில் வாசிப்பார் இல்லை. நம்மில் அலங்கார வரிசைகளைக் கச்சேரியில் வாசிக்க யாரேனும் எண்ணுவார்களா? அதுபோலத்தான்.

சிறுவன் வீட்டுக்கு ஓடினான். அன்று தொடங்கிய சாதகம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அவற்றுள் ஒன்றை அரங்கில் வாசிக்கும் துணிவு வருவதற்குள் ஏறத்தாழ 12 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆறு தொகுதிகளையும் இசைத்தட்டில் பதிவு செய்தது 1936ஆம் ஆண்டு முதல் 1939ஆம் ஆண்டு வரையில். அப்போது அவர் அறுபது வயதினர். பதின்மூன்றில் எடுத்த ஏட்டை அறுபதில்தான் உலகுக்கு ஒப்படைத்தார்! அப்பதிவுகளை இன்று நாம் கைப்பேசியிலேயே கேட்க முடிகிறது. முதல் தொகுதியின் தொடக்கத்தை நான் கேட்டபோது அதன் எளிமைதான் என்னை நிறுத்தியது. ஏறி இறங்கும் சுரக்கோவை, நாம் வரிசை வாசிப்பதைப் போன்றதுதான். ஆனால் ஒவ்வொரு சுரமும் எதையோ சொல்லத் தொடங்கியிருந்தது.

தாயின் கூந்தல்

இளமையில் அவருக்கு வந்த துன்பம் வறுமை மட்டும் அன்று. பதினாறு, பதினேழு வயதில் உலகின் துயரங்களையெல்லாம் கண்டு உள்ளம் ஒடிந்து, உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று எண்ணும் நிலைக்குப் போனார். தாய் அதனை உணர்ந்தார். ஊரும் சூழலும் மாறட்டும் என்று மகனையும் சிறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தலைநகர் மாட்ரிடுக்குப் போனார். இசையமைப்பாளர் அல்பேனிஸ் கொடுத்த அறிமுகக் கடிதம் மொர்ஃபி பிரபுவிடம் கொண்டு சேர்த்தது. அவர் வழியாக அரசியின் உதவித்தொகையும் கிடைத்தது.

1895ஆம் ஆண்டில் மேற்படிப்புக்காகப் பிரசெல்சு நகருக்குச் சென்றார். அங்கே பேராசிரியர் மாணவர் முன்னிலையில் இவரை ஏளனம் செய்தார். இவர் வாசித்துக் காட்டியபின் அதே பேராசிரியர் தம்மிடம் சேரும்படி வற்புறுத்தினார். மானமுள்ள இளைஞர் மறுத்துவிட்டுப் பாரிசுக்குப் போய்விட்டார். அதன் விலை, உதவித்தொகை நின்றது. பாரிசில் ஒரு கேளிக்கை அரங்கின் வாத்தியக் குழுவில் வேலை கிடைத்தது. கட்டணம் கொடுக்க இயலாமல், குளிரில் செல்லோவைச் சுமந்துகொண்டு நடந்தே போய் நடந்தே வந்தார். தாய் இரவெல்லாம் தையல் வேலை செய்தார். ஒருநாள் தாய் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு வந்து நின்றார். நீண்டு அழகாயிருந்த தம் கூந்தலைச் சில காசுகளுக்கு விற்றிருந்தார். இனியும் அங்கிருக்க இயலாது என்று குடும்பம் பார்சலோனாவுக்குத் திரும்பியது.

திரும்பியது தோல்வியாகத் தோன்றலாம். ஆனால் தாம் படித்த அதே இசைப் பள்ளியில் ஆசிரியர் பணி அவருக்குக் கிட்டியது. கற்பித்தார், தேவாலயத்தில் வாசித்தார், இசை நாடகக் குழுவில் வாசித்தார், காத்திருந்தார். 1899ஆம் ஆண்டில் இலண்டனிலும் பாரிசிலும் வாசித்தபோது புகழின் கதவு திறந்தது. பின்னர் அது மூடவேயில்லை.

நசுங்கிய விரல்

இனி, இவ்வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். 1901-02ஆம் ஆண்டுகளில் அவர் அமெரிக்காவில் இசைப்பயணம் மேற்கொண்டார். வயது 25. சான் பிரான்சிஸ்கோ நகருக்கருகே தமால்பாயிஸ் என்னும் மலையில் நண்பர்களோடு ஏறி இறங்கும்போது, மேலிருந்து உருண்டு வந்த பாறை ஒன்று அவர் இடக்கை விரலை நசுக்கிவிட்டது. செல்லோ வாசிப்பவருக்கு இடக்கை விரல் என்பது உயிர். குருதி வழியும் அவ்விரலைக் கண்டவுடன் அவர் உள்ளத்தில் முதலில் எழுந்த எண்ணம் எது தெரியுமா? இனிமேல் செல்லோ வாசிக்க வேண்டியதில்லை, கடவுளுக்கு நன்றி என்பதே அது! பின்னாளில் அவரே இதனைச் சொல்லியிருக்கிறார்.

ஏன் அப்படித் தோன்றியது? மேடை அவருக்கு வாழ்நாள் முழுதும் அச்சந் தந்தது. ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் நெஞ்சு படபடக்கும். ஆயிரக்கணக்கான கச்சேரிகள் செய்தும் அவ்வச்சம் அவரை விட்டு நீங்கவில்லை. தம்மைத் தாமே அளந்து பார்க்கும் கலைஞனுக்கு ஒவ்வொரு மேடையும் ஒரு தேர்வு. அத்தேர்விலிருந்து விடுதலை கிடைத்ததாக உள்ளம் ஒரு கணம் மகிழ்ந்தது.

சாதகம் செய்ய மனமில்லாத காலையில், எனக்கு இசையின்மேல் உண்மையான அன்பு இல்லையோ என்று நான் ஐயுற்றதுண்டு. அன்பிருந்தால் சலிப்பு வருமா என்பதே என் ஐயம். கசால்சின் நசுங்கிய விரல் அந்த ஐயத்தைத் தீர்த்தது. சலிப்பும் அச்சமும் அன்பின்மைக்கு அடையாளங்கள் அல்ல. அவை பெரியவர்களுக்கும் வரும். வந்தபின் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. அவர் சில மாதங்கள் மருத்துவம் பார்த்து, விரல் ஆறியவுடன் மீண்டும் செல்லோவின் முன் உட்கார்ந்தார். நன்றி சொன்ன அதே மனிதர்தாம் உட்கார்ந்தார்!

உழைப்பாளருக்கு ஓர் அரங்கு

அடுத்த இருபதாண்டுகள் புகழின் உச்சம். 1904ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் முன் வாசித்தார். பியானோ வாசித்த கோர்டோ, வயலின் வாசித்த திபோ ஆகியோரோடு அவர் சேர்ந்த மூவர் குழு ஐரோப்பாவெங்கும் பேர்பெற்றது. பணமும் வந்தது. இத்தோடு நின்றிருந்தால் அவரும் வெற்றி பெற்ற வித்துவான்களில் ஒருவராக மட்டுமே இருந்திருப்பார்.

ஆனால் அவர் பார்சலோனாவுக்கு வந்து, தம் மக்களுக்கென்று ஒரு பெரிய வாத்தியக் குழுவை உருவாக்கினார். 1920ஆம் ஆண்டு அக்டோபரில் அதன் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. நகரத்து வாத்தியக்காரர்கள் ஊதியம் போதாமல் காப்பிக் கடைகளில் வாசித்துக் களைத்துக் கிடந்தனர். தாம் பட்ட பாடு அவருக்குத் தெரியாதா? அவர்களுக்குத் தக்க ஊதியம் கொடுத்து முறையாக ஒத்திகை நடத்தினார். ஆண்டுதோறும் ஏற்பட்ட இழப்பை வெளிநாட்டுக் கச்சேரிகளில் ஈட்டிய தம் கைப்பணத்தால் ஈடுகட்டினார்.

இன்னொன்றும் செய்தார். சீட்டு வாங்க முடிந்தவர்கள் மட்டும் இசை கேட்பதை அவர் மனம் ஒப்பவில்லை. குறைந்த ஊதியம் பெறும் தொழிலாளர்கள் சிறு சந்தா கட்டிச் சேரக்கூடிய இசைச் சங்கம் ஒன்று 1920களின் நடுவில் அவர் முயற்சியால் உருவாயிற்று. ஆலையிலும் பட்டறையிலும் வேலை செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அரங்கில் அமர்ந்து அதே குழுவின் இசையைக் கேட்டனர். அவர்களே நடத்திய இதழும் நூலகமும் இசைப் பள்ளியும் அதனோடு வளர்ந்தன. தொழிலாளிக்கு உயர்ந்த இசை விளங்குமா என்று கேட்டவர்களுக்கு நிறைந்த அரங்கே விடையாயிற்று. இதனால் என்ன பயன் என்னும் கேள்விக்கு அவர் கண்ட விடைகளில் ஒன்று இது. தன் இசை யாருக்கு என்று தெரிந்துவிட்டால், ஏன் என்னும் கேள்வியின் பாதிச் சுமை இறங்கிவிடுகிறது.

ஒத்திகை நின்ற மாலை

1936ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள். பார்சலோனாவில் அவர் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனிக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார். மானிடர் எல்லாரும் உடன்பிறந்தார் என்னும் கருத்தைப் பாடகர் குழு பாடி முடிக்கும் படைப்பு அது. இறுதிப் பகுதிக்கு வருமுன் ஒருவர் செய்தி கொண்டுவந்தார். இராணுவத்தினர் குடியரசை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்துவிட்டனர். நகரத்திலும் எந்நேரமும் சண்டை மூளலாம். மறுநாள் நிகழ்ச்சி இல்லை. எல்லாரும் உடனே வீடு திரும்ப வேண்டும். கசால்ஸ் தம் குழுவினரை நோக்கினார். மீண்டும் எப்போது கூடுவோமோ, பிரியுமுன் இதனை முடித்துவிடலாமா என்று கேட்டார். அனைவரும் இசைந்தனர். கண்ணீர் மல்க இறுதிப் பகுதியை வாசித்தார்கள், பாடினார்கள். பிறகு கலைந்து போனார்கள்.

வரலாற்று மாணவனாகிய எனக்கு ஸ்பானிய உள்நாட்டுப் போர் என்றால் ஆண்டுகளும் படைகளும் உடன்படிக்கைகளுமே நினைவுக்கு வரும். இந்த ஒத்திகையை அறிந்தபின், போரால் நாசமாவது எது என்பது விளங்கிற்று. மூன்றாண்டுப் போரின் முடிவில், 1939ஆம் ஆண்டில் பிராங்கோவின் சர்வாதிகாரம் நிலைபெற்றது. கசால்ஸ் நாட்டை விட்டு வெளியேறினார். பின்னர் அவர் தம் மண்ணில் மீண்டும் குடியேறவேயில்லை.

மௌனத்தின் ஆண்டுகள்

எல்லைக்கு அப்பால், பிரான்சு நாட்டில் கட்டலான் மொழி வழங்கும் பிராத் என்னும் சிற்றூரில் அவர் தங்கினார். அருகே முகாம்களில் ஆயிரமாயிரம் அகதிகள் பசியிலும் குளிரிலும் வாடினர். தம் பணத்தை அவர்களுக்குச் செலவிட்டார். உலகெங்கும் உள்ள நண்பர்களுக்கு உதவி கேட்டுக் கடிதங்கள் எழுதினார்; கை சளைக்கும்வரை எழுதினார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியப் படை வந்தது. அதிகாரிகள் சிலர் அவர் வீட்டுக்கே வந்து, பெர்லினுக்கு வந்து வாசிக்குமாறு அழைத்தனர். மறுத்தார். மறுப்பது உயிருக்கே ஆபத்து என்பது அவருக்குத் தெரியும்.

1945ஆம் ஆண்டில் போர் முடிந்தது. இட்லர் ஒழிந்தான், முசோலினி ஒழிந்தான். இனிப் பிராங்கோவும் போவார், நேச நாடுகள் போகச் செய்யும் என்று கசால்ஸ் நம்பினார். இங்கிலாந்து சென்று வாசித்தார். ஆனால் அந்நாடுகள் பிராங்கோவோடு சமரசம் செய்துகொள்வதைக் கண்டார். உள்ளம் கொதித்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் வழங்க முன்வந்த பட்டங்களை ஏற்க மறுத்தார். பிராங்கோவின் ஆட்சியை ஏற்கும் நாடுகளில் இனி வாசிப்பதில்லை என்று முடிவு செய்தார். பெருந்தொகை தருவதாக அழைப்புகள் வந்தன. அவர் அசையவில்லை.

எண்ணிப் பாருங்கள், நண்பர்களே! ஒரு கலைஞனுக்கு மேடையே உயிர் என்கிறோம். கைதட்டலே உணவு என்கிறோம். உலகின் முதல்வரிசைக் கலைஞர், வயது எழுபதை நெருங்கும்போது, எஞ்சியுள்ள நாள்கள் குறைவு என்று தெரிந்தே மேடையை விட்டார். ஆனால் அந்தச் சிற்றூர் வீட்டிலிருந்து இசை எழுவது நிற்கவில்லை. காலையில் பியானோவில் பாக். பிறகு செல்லோவில் சாதகம். பிறகு தேடி வந்த மாணவர்களுக்குப் பாடம். போர்க்காலத்தில் தொடங்கிய, ஏசுவின் பிறப்பைப் பாடும் பெரியதோர் இசைப்படைப்பும் கையில் இருந்தது. கேட்க அரங்கம் இல்லை. வில் மட்டும் ஓய்வு பெறவில்லை.

சாதகம் மேடைக்காகச் செய்யப்படுவது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படியானால் மேடை இல்லாதபோது சாதகமும் இல்லாமற் போயிருக்க வேண்டுமே! அவர் வாழ்க்கை வேறு கணக்கைக் காட்டுகிறது. சாதகமே அடிநிலம், மேடை அதில் விளையும் பயிர்களில் ஒன்று. பயிரை ஓராண்டு விடலாம், ஈராண்டு விடலாம். நிலத்தை விட்டவன் மீண்டும் உழவனாவது கடினம்.

அவர் மௌனத்தால் பிராங்கோவின் ஆட்சி வீழ்ந்துவிட்டதா என்று கேட்பீர்களானால், இல்லை. இதனை மறைப்பதில் பொருளில்லை. பிராங்கோ 1975ஆம் ஆண்டில் இறக்கும்வரை ஆட்சியில் இருந்தார். அதற்கு ஈராண்டு முன்பே கசால்ஸ் மறைந்துவிட்டார். அரசியலில் வென்றது யார் என்றால் பிராங்கோ என்றே சொல்ல வேண்டும். ஆயினும் ஒரு மனிதர் வாசிக்க மறுத்தார் என்பதே உலகம் முழுவதும் ஒரு செய்தியாய்க் கேட்டது. வாசிப்பின் மதிப்பு அறிந்தவர் மறுத்ததால்தான் அம்மறுப்புக்கும் மதிப்பிருந்தது.

உலகம் சிற்றூருக்கு வந்தது

அவர் வெளியே வரமாட்டார் என்றால் நாமே அவரிடம் போவோம் என்று இசைவாணர்கள் முடிவு செய்தனர். 1950ஆம் ஆண்டு பாக் மறைந்த இருநூறாம் ஆண்டு. வயலின் கலைஞர் அலெக்சாண்டர் ஷ்னைடரின் முயற்சியால் பிராத் ஊரில் விழா ஏற்பாடாயிற்று. ஐசக் ஸ்டெர்ன், ருடால்ஃப் செர்கின் முதலிய பெருங்கலைஞர்கள் அங்கு வந்தனர். ஊர்த் தேவாலயமே அரங்கு. 73 வயதுக் கசால்ஸ் தனியராய் அமர்ந்து, பாக்கின் முதல் தொகுதியை வாசித்து விழாவைத் தொடங்கினார். பழைய கடையில் பதின்மூன்று வயதில் கிடைத்த அதே ஏடு!

பின்னர்த் தாயின் பிறந்த மண்ணான போர்ட்டோ ரிக்கோவில் குடியேறினார். அங்கு 1957ஆம் ஆண்டில் இசைவிழாத் தொடங்கவிருந்தபோது மாரடைப்பு வந்தது. எழுந்தார், மீண்டும் வாசித்தார். 1958ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவையில் வாசித்தார். 1961ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் அழைப்பை ஏற்று வெள்ளை மாளிகையில் வாசித்தார். அமெரிக்காவும் பிராங்கோவை ஏற்ற நாடுதானே என்று கேட்டோரும் உண்டு. வாளாவிருப்பதைவிட அமைதிக்காகக் குரல் கொடுப்பதே இப்போது கடமை என அவர் கருதினார். நோன்பைத் தளர்த்தினாரே ஒழிய நோக்கத்தைத் தளர்த்தவில்லை. 1971ஆம் ஆண்டில், 94ஆம் வயதில், மீண்டும் ஐக்கிய நாடுகள் அவையில் அமைதிப் பதக்கம் பெற்றபோது, தம் நாட்டுப்புறப் பாடலாகிய பறவைகளின் பாட்டைச் செல்லோவில் வாசித்தார். நாட்டை இழந்த கட்டலான் மக்களுக்கு அது கீதமாகவே ஆகியிருந்தது.

1973ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், 96ஆம் வயதில் அவர் காலமானார். ஸ்பெயினில் மக்களாட்சி மலர்ந்தபின், 1979ஆம் ஆண்டில் அவர் உடல் எல் வெண்ட்ரெல் ஊருக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

நாம் கொள்ள வேண்டியது

அவருக்கு அரசியின் உதவித்தொகை கிடைத்தது, பிறவியிலேயே பெருந்திறன் இருந்தது, நமக்கு இரண்டும் இல்லையே என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். உதவித்தொகை நமக்குக் கிட்டாமற் போகலாம். அந்தத் திறனும் நமக்கு வாய்க்கவில்லை. ஆனால் அவரை எண்பது ஆண்டுகள் வாத்தியத்தின் முன் அமர்த்தியது அவ்விரண்டும் அல்ல. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள், ஒவ்வொரு நாளையும் அவர் பியானோவில் பாக்கின் இரு சிறு உருப்படிகளோடு தொடங்கினார். அவை புதியவை அல்ல. ஆயினும் ஒவ்வொரு நாளும் அவற்றில் புதியதொன்றைக் கண்டதாகச் சொல்லுவார். ஊக்கம் வரட்டும், பிறகு உட்காருவோம் என்று அவர் காத்திருக்கவில்லை. உட்கார்ந்தார், ஊக்கம் சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. வராத நாளிலும் இரு உருப்படிகள் முடிந்திருந்தன. இவ்வளவையும் செய்ய ஓர் அரசியின் தயவு வேண்டியதில்லை.

அவரிடமிருந்து நான் இரண்டைக் கற்றுக்கொண்டேன். ஒன்று, அளவில் சிறியதாயினும் நாள் தவறாத சாதகம். மற்றொன்று, இந்த இசை யாருக்கு என்னும் நினைவு. முதலாவது இல்லையேல் இசை கையை விட்டுப் போய்விடும். இரண்டாவது இல்லையேல் கையில் இருந்தும் கனத்துப்போகும்.

நம் கல்லூரியில் வாத்தியம் பயிலும் நண்பர்கள் பலர் உள்ளனர். படிப்பு முடிந்ததும் எழுத்தராகவும் ஆசிரியராகவும் வணிகராகவும் போகப்போகிறோம். மேடை ஏறுவோர் மிகச் சிலரே. மற்றவர்களின் வாத்தியங்கள் உறைக்குள் போக வேண்டும் என்பது விதியன்று. நம் ஊரிலும் நெசவாளர்கள் இருக்கிறார்கள், மூட்டை சுமப்போர் இருக்கிறார்கள், அரசு மருத்துவமனையில் படுத்திருப்போர் இருக்கிறார்கள். அவர்கள் சீட்டு வாங்கிச் சபாவுக்கு வரப்போவதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு நம் கல்லூரி இசை மன்றத்தினர் அவர்கள் இருக்கும் இடத்துக்குச் சென்று ஒரு மணி நேரம் வாசித்தால் என்ன? நம் வாசிப்பு அரைகுறையாக இருக்கலாம். காப்பிக் கடை மூலையில் வாசித்த சிறுவனும் அரைகுறையாகத்தான் தொடங்கினான்.

இந்த யோசனையை மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் முன்வைக்க இருக்கிறேன். சேர விரும்புவோர் தம் வாத்தியத்தோடு வரலாம். இரண்டு உருப்படிகள் தெரிந்தால் போதும்.